கரடி மிச்சம் வைக்கிற மீன்

அலாஸ்காவின் புரூக்ஸ் அருவியில் ஜூலை மாதம் பழுப்புக் கரடிகள் நின்று, மேலே துள்ளுகிற சாக்கை (sockeye) வகை சால்மன் மீனை அப்படியே வாயில் வாங்கிக்கொள்கிற வீடியோ பலரும் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடப்பது. மீன் ஏராளமாக வரும்போது கரடிக்கு ருசி பார்க்கும் திமிர் வந்துவிடும், தோல், மூளை, சினை என்று கொழுப்பான இடத்தை மட்டும் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போய்விடும். பெரிய கரடிக்குப் பயந்த சின்னதுகள் மீனைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் ஓடும். அங்கே கிடக்கிற மிச்சத்தைப் பறவைகளும் ஈப்புழுக்களும் தின்று, கடைசியில் மண்ணுக்குப் போகிறது. கடலில் வளர்ந்த மீன் இல்லையா, அதில் நைட்ரஜன்-15 என்கிற கனமான வகை நைட்ரஜன் கொஞ்சம் கூடுதல்; ஆற்றோர ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களில் அதை அளந்தே காட்டிவிட்டார்கள்.

அதே அலாஸ்காவின் கோடியாக் தீவுக் கதை இன்னும் வேடிக்கை. 2014 கோடையில் வெயில் அதிகம், எல்டர்பெரி என்ற சின்னச் சிவப்புப் பழம் சீக்கிரமே பழுத்துவிட்டது. ஓடை நிறைய சால்மன் இருக்க, கரடிகள் பழம் தின்ன மேட்டுக்குப் போய்விட்டன! அந்தப் பழத்தில் புரதம் அளவாக இருப்பதால் மீனைவிட வேகமாக எடை ஏறுமாம்.