பூட்டிய எண்களும் ஒரு சின்ன எஃப்பிஜிஏ போர்டும்: எம்.இ. பிராஜெக்ட் அனுபவம்

எம்.இ. விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) கடைசி வருடத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்தது ஹோமோமார்ஃபிக் என்கிரிப்ஷனுக்கான வன்பொருள். மதுரையை ஒட்டிய எங்கள் கல்லூரியில் அந்த வருடம் இதை எடுத்தது நான் மட்டும்தான். சந்தேகம் கேட்க சீனியர் யாரும் இல்லை.

விஷயம் இதுதான். ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளின் சர்க்கரை அளவுகளைப் பூட்டி கிளவுட்டுக்கு அனுப்புகிறது. கிளவுட் பூட்டைத் திறக்காமலேயே சராசரி கணக்கிட்டு, விடையையும் பூட்டியபடியே திருப்பி அனுப்புகிறது. சாவி கடைசி வரை மருத்துவமனையிடம்தான் இருக்கும். இப்படி முடியுமா என்று ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்டூசோஸ் மூவரும் 1978-இலேயே கேட்டார்கள். எந்தக் கணக்குக்கும் பொருந்தும் வழியைக் கிரெய்க் ஜென்ட்ரி காட்டியது 2009-இல். ஆனால் சாதாரணக் கணக்கோடு ஒப்பிட்டால் பயங்கர மெதுவாக ஓடும். அதனால்தான் தனி வன்பொருள் தேவைப்படுகிறது.

முதல் மாதம் எஃப்பிஜிஏ போர்டைத் (நாம் எழுதும் சுற்றாகவே மாறிக்கொள்ளும் சிப் உள்ள போர்டு) தொடாதீர்கள். நான் நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து பென்சிலால்தான் ஆரம்பித்தேன். ஆர்எஸ்ஏ என்ற பூட்டும் முறையில் ஒரு குட்டிக் கணக்கு: எண்ணின் மும்மடியை 33-ஆல் வகுத்து வரும் மீதியைப் பூட்டிய எண்ணாக வையுங்கள். 2 என்பது 8 ஆகும். 4 என்பது 31 ஆகும். 8-ஐயும் 31-ஐயும் பெருக்கி 33-ஆல் வகுத்தால் மீதி 17. நேராக 2×4=8-ஐப் பூட்டிப் பாருங்கள், அதே 17! திறக்காமலே பெருக்கிவிட்டோம். இதைக் கையால் போட்ட அன்றுதான் எனக்குத் தலைப்பின் மீது பிடிப்பு வந்தது. ஆர்எஸ்ஏ-வில் கூட்டல் இப்படி வராது. கூட்டல், பெருக்கல் இரண்டும் வர வேண்டும் என்றால் பெரிய பல்லுறுப்புக்கோவைகளுக்குப் போக வேண்டும்.

அங்கேதான் என்டிடி (நம்பர் தியரட்டிக் டிரான்ஸ்ஃபார்ம்) வருகிறது, கோவைகளை வேகமாகப் பெருக்கும் வழி. 32,768 உறுப்புள்ள இரண்டு கோவைகளை நேராகப் பெருக்கினால் 107 கோடி பெருக்கல். என்டிடி வழியாகப் போனால் சுமார் 8 லட்சத்தில் முடியும். எஃப்எஃப்டி (ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்) தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கலப்பெண்களுக்குப் பதில் பகா எண்ணின் மீதிகள், அவ்வளவுதான்.

இதில் நான் மூன்று வாரம் தொலைத்த இடம் ஒன்று உண்டு. கோவையில் n உறுப்புகள் என்றால், இந்தத் துறையில் x-இன் n-ஆம் அடுக்கு 1 அல்ல, மைனஸ் 1. நான் வழக்கமான என்டிடியை அப்படியே எழுதிவிட்டேன். பெரும்பாலான விடைகள் தப்பு, ஆனால் ஏன் என்று தெரியவில்லை. கடைசியில் பகா எண்ணாக 17-ஐ வைத்து நான்கே உறுப்புக்குச் சுருக்கிப் பார்த்தேன். x-ஐயும் x-இன் மும்மடியையும் பெருக்கினால் 16 வர வேண்டும். எனக்கு 1 வந்தது. முன்பே ஒவ்வொரு உறுப்பையும் 2-இன் அடுக்குகளால் பெருக்கி, முடிவில் அதைத் திரும்ப எடுத்திருக்க வேண்டும். 17-ஆல் வகுத்து மீதி பார்க்கும் கணக்கில் 2-இன் நான்காம் அடுக்கு 16, அதாவது மைனஸ் 1. எனவே வெரிலாக் (வன்பொருளை விவரிக்கும் மொழி) எழுதும் முன் பைத்தானில் சின்ன அளவில் எழுதி, கையால் போட்ட விடையோடு ஒத்துப் பாருங்கள்.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். லேபில் இருந்தது பேசிஸ் 3 என்ற எஃப்பிஜிஏ போர்டு. நான் எடுத்தது 1,024 உறுப்புகள், பகா எண் 12,289. அது 14 பிட்டுக்குள் அடங்குவதால் ஒரு பெருக்கலுக்கு ஒரு டிஎஸ்பி (சிப்பில் தயாராக இருக்கும் பெருக்கல் பகுதி) போதும். பட்டர்ஃபிளை (என்டிடியில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கணக்கு) ஒவ்வொரு கிளாக்குக்கும் இரண்டு எண் படிக்கும், இரண்டு எண் எழுதும். சிப்புக்குள் இருக்கும் நினைவகமான பிளாக் ரேமில் இருப்பதோ இரண்டே போர்ட் (படிக்கவோ எழுதவோ உள்ள வாசல்). ஆகவே இரண்டு நினைவகம் வைத்து, ஒன்றிலிருந்து படித்து மற்றதில் எழுதி, அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ள வேண்டும். 5,120 பட்டர்ஃபிளை, 100 மெகாஹெர்ட்ஸ், ஏறத்தாழ 51 மைக்ரோவினாடி.

இந்த எண்ணைப் பெருமையாக இரண்டாம் ரிவ்யூவில் போட்டேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, கம்ப்யூட்டர்ல இருந்து டேட்டா கிளம்பி, விடை திரும்பி வர மொத்தம் எவ்வளவு நேரம்?" நான் அளக்கவே இல்லை. வாய் அடைத்துப்போனது.

அன்று சாயங்காலமே கணக்குப் போட்டேன். யுஆர்டி (கம்ப்யூட்டரையும் போர்டையும் இணைக்கும் தொடர் இணைப்பு) வழியாக 2,048 பைட் போக, வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் சுமார் 178 மில்லிவினாடி. திரும்பி வர இன்னொரு 178. கணக்கு நேரத்தைவிடப் போக்குவரத்து கிட்டத்தட்ட ஏழாயிரம் மடங்கு! மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தராசு எத்தனை வேகமாக நிறுத்தால் என்ன, மூட்டை வந்து இறங்கினால்தானே?

பெரிய அளவிலும் தொல்லை இதேதான். 32,768 உறுப்பு, ஒவ்வொன்றும் 880 பிட் என்றால், இரண்டு கோவைகள் கொண்ட பூட்டிய ஒரே ஒரு தரவு 7 எம்பி. என் போர்டின் பிளாக் ரேம் மொத்தமே 225 கேபி. எம்ஐடி ஆய்வாளர்கள் பங்கெடுத்த எஃப்1 என்ற இதே வகை வன்பொருள் வடிவமைப்பு 2021-இல் சிப்புக்குள்ளேயே 64 எம்பி வைத்தது. 2022-இல் கிரேட்டர்லேக் என்ற வடிவமைப்பு 256 எம்பி வைத்தது. காரணம் புரிந்த பிறகு அந்தக் கட்டுரைகளை வாசித்தால் ஒவ்வொரு படமும் பேசும்.

கடைசி வைவாவில் முதல் ஸ்லைடிலேயே இரண்டு நேரத்தையும் அருகருகே போட்டேன். அதே பேராசிரியர்தான் வந்திருந்தார். ஒரு தாளைக் கொடுத்து அந்த இரட்டை நினைவகத்தை வரையச் சொன்னார். மீதி நேரம் முழுக்க டேட்டா எங்கே தங்குகிறது, எப்போது நகர்கிறது என்றே பேசினோம். பட்டர்ஃபிளை பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.