லேசர் என்றார்கள், தாடையில் கட்டம் கட்டமாகக் கறுத்துவிட்டது

பிசிஓடி என்ற ஹார்மோன் பிரச்சினையால் தாடையில் முடி. திரெடிங் செய்தே அலுத்துப்போய், லேசரில் முடி எடுக்க வண்ணாரப்பேட்டையில் ஒரு இடத்தில் ஆறு சிட்டிங்குக்கு 9,000 ரூபாய் கட்டினேன். முதல் இரண்டில் லேசான சிவப்பு, மறுநாளே போய்விட்டது.

மூன்றாவதுக்கு முந்தைய வாரம் முழுக்க, தங்கை கல்யாணப் பத்திரிகை வைக்க ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று மே மாத வெயிலில் ஸ்கூட்டியில் சுற்றியிருந்தேன். முகம் நன்றாகவே கறுத்திருந்தது. அங்கிருந்த பெண் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பவரை வேறு ஏற்றினாள். சுரீர் என்றது. "எரியுதுங்க" என்றேன். "அப்படித்தான் இருக்கும்க்கா" என்று அடுத்த ஷாட் வைத்தாள். ராத்திரி கண்ணாடியில் பார்த்தால் தீப்பெட்டி அகலத்தில் வரிசையாக நாலு கட்டம், ஓரமெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. இரண்டில் கொப்புளம்.

மறுநாள் போய்க் கேட்டால் கற்றாழை ஜெல் தடவச் சொன்னார்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினார்கள், 'தீக்காயத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மிஷின்? எனக்குத் தெரியாது. அதற்காகவே திரும்பவும் வண்ணாரப்பேட்டைக்கு ஒரு நடை. பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார்கள், மிஷினை போட்டோ எடுத்து வந்தேன். டாக்டர் அதைப் பார்த்தார். அது லேசரே இல்லை, ஐபிஎல் என்ற பளிச் பளிச்சென்று அடிக்கும் விளக்கு ஒளியாம். முடியில் இருக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமியைத்தான் அந்த ஒளி பிடிக்கும், வெயிலில் கறுத்த தோலிலும் அதே மெலனின் இருப்பதால் சூட்டைத் தோலே வாங்கிக்கொண்டது என்றார். ஹார்மோன் பிரச்சினை இருப்பவர்களுக்குத் தாடை, கழுத்துப் பக்கம் முடி குறையாமல் கூடுதலாகவும் வளரலாமாம். இதைக் காசு கட்டும்போது யாராவது சொன்னார்களா?

பொருக்கைப் பிய்க்காமல் விட்டேன், க்ரீமும் சன்ஸ்க்ரீனும் விடாமல் போட்டேன். கறுப்பு மங்க ஐந்து மாதம் ஆனது. டாக்டர் சீட்டைக் காட்டிச் சண்டை போட்டு மீதி மூன்று சிட்டிங் பணம் 4,500 ரூபாயையும் வாங்கிவிட்டேன், விடவில்லை.

நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு அதிகம் என்கிறார் டாக்டர். போவதாக இருந்தால் மிஷின் பெயரைக் கேளுங்கள், வெயிலில் அலைந்திருந்தால் தள்ளிப் போடுங்கள், பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரை எடுத்தால் முதலிலேயே சொல்லுங்கள். திரெடிங் வேண்டாம், வேர் இருந்தால்தான் ஒளி பிடிக்கும், ஷேவ் பண்ணலாம். எனக்கு அடுத்த மாதம் காதுக்குக் கீழே ஒரே ஒரு டெஸ்ட் ஷாட், சில வாரம் பார்த்து அந்த இடம் கறுக்காமல் இருந்தால்தான் மற்றது.