சட்டமே செல்லாது என்று ரிட் போடும்போது

"இந்தச் சட்டமே அநியாயம்" என்பது மக்களிடம் எடுபடும், ரிட் மனுவில் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) எடுபடாது. மாநிலச் சட்டம் ஒன்றை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய இரண்டே வழிதான். அதை இயற்றச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது அடிப்படை உரிமையையோ அரசியலமைப்பின் வேறொரு விதியையோ மீறுகிறது என்று காட்ட வேண்டும். சட்டமன்றத்தின் உள்நோக்கம், தேர்தல் கணக்கு எல்லாம் உண்மையாகவே இருந்தாலும் நீதிமன்றம் அதற்குள் போகாது. அஃபிடவிட்டின் (பிரமாணப் பத்திரம்) முதல் பத்துப் பக்கத்தை அரசியலால் நிரப்புவது, கேட்கும் நீதிபதியின் பொறுமையைத் தீர்க்கத்தான் உதவும்.

முதல் வேலை, சட்டத்தின் சரியான வாசகத்தைக் கையில் எடுப்பது. செய்தித்தாள் நறுக்கு போதாது. அரசிதழில் மசோதா நான்காம் பாகத்தின் முதல் பிரிவிலும், சட்டம் அதே பாகத்தின் இரண்டாம் பிரிவிலும் வரும். இரண்டையும் எடுத்து வையுங்கள். மசோதாவோடு வரும் 'நோக்க காரண விளக்கவுரை' அரசே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மாதிரி. இந்தச் சட்டம் ஏன் என்ற கேள்விக்கு அரசு பின்னால் வேறு பதில் சொன்னால் அதைக் காட்டலாம். ஒப்புதல் ஆளுநருடையதா குடியரசுத் தலைவருடையதா, என்ன தேதி, எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கின் பாதி சில சமயம் அந்தத் தேதிகளில்தான் இருக்கும்.

நிலம் கையகப்படுத்தும் வழக்கு அதற்கு நல்ல உதாரணம். மத்திய அரசின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும், தமிழ்நாடு தன்னுடைய மூன்று பழைய சட்டங்களை (நெடுஞ்சாலை, தொழில், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கானவை) மத்தியச் சட்டத்தில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்துத் தக்கவைக்கப் பார்த்தது. மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது 2013 செப்டம்பர் கடைசியில். அன்றைக்கே மாநிலச் சட்டங்கள் முரண்பட்டுச் செத்துவிட்டன, செத்ததைப் பிறகு தக்கவைக்க முடியாது என்று 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதம் முழுக்க அரசியலமைப்பின் 254ஆம் விதியும் (மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால் எது நிற்கும் என்பது) தேதிகளும்தான். ஆனால் அரசு அதே ஆண்டில் ஒரு மறு உயிர்ப்புச் சட்டம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கி, 2013 செப்டம்பர் 26 முதலே அமல் என்று முன்தேதியிட்டது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஒப்புதல், நடைமுறை போன்ற ஓட்டைகளைச் சட்டமன்றம் தைத்துவிட முடியும். உரிமை மீறலை அப்படிச் சுலபமாகத் தைக்க முடியாது. அதனால் 14 (சமத்துவம்), 19 (சுதந்திரங்கள்), 21 (உயிரும் தனிநபர் சுதந்திரமும்) ஆகிய விதிகளின் கீழ் நிற்கக்கூடிய வாதம் ஒன்றாவது இருந்தால் அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

வன்னியர்களுக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் வாதங்களைப் பல காலில் நிறுத்துவதன் பலன் தெரிந்தது. 2021 நவம்பர் 1 அன்று மதுரைக் கிளை பல காரணங்களால் அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்ற காரணத்தை ஏற்கவில்லை. தனியாக வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்ற காரணம் மட்டும் நின்றது, அது ஒன்றே தீர்ப்பைக் காப்பாற்றியது.

யார் மனுதாரர் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சட்டம் வந்த மறுநாளே வெறுங்கையோடு போனால், உங்களுக்கு என்ன பாதிப்பு என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த நோட்டீசோ உத்தரவோ இருந்தால் அதை இணையுங்கள். கோரிக்கையிலும் இரண்டையும் கேளுங்கள்: பிரிவு செல்லாது என்ற அறிவிப்பு, உத்தரவை ரத்து செய்தல். பிரிவை மட்டும் எதிர்த்தால் உத்தரவு மேசையிலேயே கிடக்கும். உத்தரவை மட்டும் எதிர்த்தால் அடுத்த மாதம் இன்னொன்று வரும். முழுச் சட்டத்தையும் எதிர்க்கத் தேவையில்லாதபோது எதிர்க்காதீர்கள், பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். மாற்றுக் கோரிக்கையாக, பிரிவைச் சுருக்கிப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் கேட்டு வைப்பது நல்லது. 2023 நவம்பரில் இணைய விளையாட்டுச் சட்டத்தை முழுதாக ரத்து செய்யாமல், திறன் விளையாட்டான ரம்மிக்கும் போக்கருக்கும் அதன் தடை பொருந்தாது என்றுதான் தீர்ப்பு வந்தது.

எதிர்மனுதாரர்: துறைச் செயலாளர், சட்டத் துறைச் செயலாளர், உத்தரவு போட்ட அதிகாரி. மத்தியச் சட்டத்தோடு முரண் என்றால் மத்திய அரசும். ஆளுநரைச் சேர்க்கக் கூடாது.

தாக்கலில் சின்ன விஷயங்கள்தான் நாளைத் தின்னும். உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்பதால் தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு டைப்டு செட்டில் (மனுவோடு சேர்க்கும் ஆவணத் தொகுப்பு) வேண்டும். மனுதாரருக்குத் தமிழ் மட்டுமே தெரிந்தால், அஃபிடவிட் தமிழில் படித்து விளக்கப்பட்டது என்று சான்றொப்பமிடும் வழக்கறிஞர் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அடியில் திருத்தங்களின் எண்ணிக்கை. பலர் சேர்ந்து ஒரே மனு போட்டால் அதற்கு அனுமதி கேட்டு ஒரு துணை மனு, அசல் உத்தரவு கையில் இல்லையென்றால் விலக்குக் கேட்டு இன்னொன்று. இவற்றில் ஒன்று விட்டாலும் எஸ்.ஆர். எண்ணோடு (தாக்கலின்போது தரும் தற்காலிக எண்) கட்டு ரிட்டர்ன் ஆகும். சரிசெய்து மீண்டும் கொடுத்த பிறகே ரிட் மனு எண். சட்டத்தின் செல்லுபடி பற்றிய கேள்வி என்பதால் இரு நீதிபதிகள் அமர்வில் பட்டியலாகும்.

இடைக்காலத் தடையை நம்பித் திட்டம் போடாதீர்கள். சட்டம் செல்லும் என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். சட்டம் முழுவதற்கும் தடை கிடைப்பது அபூர்வம். உங்களுக்கு வந்த உத்தரவின் மீது மட்டும் தடை கேட்டால் வாய்ப்பு கூடுதல். இது நில வழக்கில் உயிர்ப் பிரச்சினை. 2019 தீர்ப்பிலேயே, ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்ட நிலங்கள் காப்பாற்றப்பட்டன. சாலை போட்ட பிறகு ஜெயித்த மனுதாரருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசின் எதிர் அஃபிடவிட் வந்ததும் பத்தி வாரியாகப் பதில் போடுங்கள். 1952இல் வி.ஜி. ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் கை கொடுக்கும்: அடிப்படை உரிமைக்கு விதித்த கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது அதன் உள்ளடக்கத்தோடு நடைமுறையையும் பார்க்க வேண்டும். முன்னறிவிப்பு உண்டா, விசாரணை உண்டா, மேல்முறையீடு உண்டா என்று பிரிவு பிரிவாகக் காட்டுங்கள்.

ஜெயித்தால் அன்றே சான்று நகலுக்கு விண்ணப்பித்துவிட்டு உச்ச நீதிமன்றத்தில் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போடுங்கள். சிறப்பு அனுமதி மனுவுக்கு அரசுக்கு 90 நாள், கேவியட்டுக்கு உயிரும் 90 நாள். நகல் வாங்க ஆன நாள் கெடுவில் கழிவதால் அரசு அதற்குப் பின்னும் வரலாம், தேதி பார்த்துப் புதுப்பியுங்கள். அரசிதழையும் விடாமல் பாருங்கள். செல்லுபடியாக்கும் சட்டம் வந்துவிட்டால் பழைய தீர்ப்பைக் காட்டி அவமதிப்பு மனு போட்டுப் பயனில்லை. புதுச் சட்டத்தை எதிர்த்துப் புது மனுதான்.