கேகன் கிடைத்துவிட்டார், 'எஸ்' வரிசையில்

மாப்பிள்ளை வீட்டு அயர்லாந்து மூதாதையின் ஞானஸ்நானப் பதிவு ஒருவழியாகக் கையில் சிக்கிவிட்டது. வெஸ்ட்மீத் கவுண்டி, கில்பெகன் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள தேவாலயப் பகுதி) ஒன்றின் பதிவேடு, 1830களின் ஒரு பக்கம். இந்தக் குடும்பப் பெயரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு மட்டுமே இந்தச் சந்தோஷம் புரியும்.

பெயர் கேகன். தமிழில் இரண்டு நொடியில் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஜி, இ, ஓ, ஜி, ஹெச், இ, ஜி, ஏ, என் என்று ஒன்பது எழுத்து. அதுவும் இன்றைய ஒழுங்கான வடிவம். 19ஆம் நூற்றாண்டில் குமாஸ்தாவும் சாமியாரும் காதில் விழுந்ததை எழுதினார்கள். மாப்பிள்ளையின் மூதாதைக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கொடுத்த இறப்புச் சான்றிதழில் முழு வடிவம் இருக்கிறது. அவர் வந்த கப்பல் பட்டியலில் கஹாகன். இங்கே நடந்த கல்யாணத்தில் காகன். மூன்றும் ஒரே ஆள்.

விக்டோரியா மாநிலச் சான்றிதழ்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். 1853 ஜூலையில் சிவில் பதிவு, அதாவது அரசாங்கப் பதிவு, தொடங்கியபோதே இறப்புப் பதிவில் அப்பா பெயர், அவர் தொழில், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த இடம், காலனியில் எத்தனை வருஷம் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். விவரம் சொன்னவருக்குத் தெரிந்திருந்தால் அது புதையல். எங்களுக்கு அதிலிருந்துதான் 'வெஸ்ட்மீத்' என்ற ஊர்ப்பக்கமும் அம்மா டால்டன் வீட்டுப் பெண் என்பதும் கிடைத்தன. வயதை மட்டும் நம்பக் கூடாது. ஐந்து வருஷம் முன்னே பின்னே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

அயர்லாந்துப் பக்கம் போனால் வழக்கமான சுவர். 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு அநேகமாக முழுக்கப் போய்விட்டது. 1861, 1871 கணக்குகளை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. முழுதாக மிஞ்சியது 1901உம் 1911உம்தான். சிவில் பிறப்புப் பதிவு எல்லாருக்கும் 1864இல்தான் ஆரம்பம். ஆக 1830களில் பிறந்த கத்தோலிக்கருக்குப் பங்குப் பதிவேட்டை விட்டால் கதியில்லை. அரசாங்க ஆதரவில் இருந்த புராட்டஸ்டன்ட் அயர்லாந்து திருச்சபை தன் பதிவேடுகளில் பெரும்பகுதியைக் காப்பகத்தில் பத்திரமாக ஒப்படைத்துத் தீக்குக் கொடுத்தது. அரசாங்கம் கண்டுகொள்ளாத கத்தோலிக்கப் பதிவேடுகள் சாமியார் வீட்டு அலமாரியிலேயே கிடந்து பிழைத்தன. 1880 வரையிலான அவற்றின் மைக்ரோஃபிலிம் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் இலவசமாக இணையத்தில் போட்டது. படம் மட்டும்தான், தேடும் வசதி இல்லை. தேடுவதற்கு வேறு தளங்கள் போட்ட அட்டவணை இருக்கிறது. என் தலைவலி அந்த அட்டவணையில்தான்.

முதலில் எல்லாரையும் போல, பெயரை ஒலிப்படி குறியீடாக்கித் தேடும் சவுண்டெக்ஸைத்தான் நம்பினேன். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை, இன்னும் பல தேடுபொறிகளின் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் ஹெச், டபிள்யூ, ஒய்-யையும் கழித்துவிட்டு, மீதி மெய்களில் முதல் மூன்றுக்கு எண் போடும்: ஜி-க்கு 2, என்-க்கு 5. கேகன்காரர்களுக்கு இது எப்படிக் காலை வாருகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். முழு வடிவத்தில் முதல் ஜி-க்குப் பிறகு இன்னும் இரண்டு ஜி, அப்புறம் என்: ஜி225. கஹாகனில் முதல் ஜி-க்குப் பிறகு ஒரே ஒரு ஜி, அப்புறம் என், காலி இடத்துக்குப் பூஜ்யம்: ஜி250. ஒரே குடும்பம், இரண்டு பெட்டி! முன்னால் 'மாக்' ஒட்டிய மாகேகன் எம்222 ஆகி வேறு வீட்டுக்கே போய்விடும். ஒலியை வைத்துத் தேடுகிறேன் என்று சொல்லும் முறைக்கு ஹெச் விழுங்கிய ஜி எது, சத்தம் போடும் ஜி எது என்று தெரியாது.

சரி என்று, 'இந்த இடத்தில் எந்த எழுத்தும் வரலாம்' என்று சொல்லும் நட்சத்திரக் குறிக்கு மாறினேன். ஜி, நட்சத்திரம், ஜி, நட்சத்திரம், என். ஜி-யில் தொடங்கும் கேகன் வடிவங்கள் அத்தனையும் இதில் விழும். கூடவே க்ரோகன், கில்லிகன், காலிகன் என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பாதி விழும். க்ரோகன்களைக் கழிப்பதற்கே ஒரு விரிதாள் வைத்திருக்கிறேன். காசு கட்டிப் பார்க்கும் ஒரு தளத்தில் ஒவ்வொரு பதிவைத் திறக்கவும் கணக்கில் கழிந்துகொண்டே போனது. எத்தனை கில்லிகன்களுக்கு நான் மொய் எழுதியிருக்கிறேன் என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

கடைசியில் வேலை செய்தது குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டதுதான். குழந்தையின் பெயர், அப்பாவின் முதல் பெயர், அம்மாவின் முதல் பெயர், டால்டன், வெஸ்ட்மீத், பத்து வருஷ இடைவெளி. அவ்வளவே. கத்தோலிக்கப் பதிவேடுகளில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் பெரும்பாலும் எழுதிவைத்திருப்பதால்தான் இது நடக்கும். வந்த சிறிய பட்டியலில் 'சாகேகன்' என்று ஒரு குடும்பம், எஸ் எழுத்தில் ஆரம்பித்து. அப்படி ஒரு பெயர் அயர்லாந்திலேயே நான் கேள்விப்பட்டதில்லை.

நூலகப் படத்தைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனேன். மங்கல், மேல் ஓரத்தில் ஈரக்கறை. படத்தை இறக்கி ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் நிறத்தைத் தலைகீழாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்துப் பார்ப்பது என் வழக்கம். வெளிறிய மைக்கு இது நன்றாகவே உதவுகிறது. ஆனாலும் முதல் எழுத்து எஸ்ஸா ஜி-யா என்று ஒரு எழுத்தை முறைத்துப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்தச் சாமியார் கையெழுத்துக்கு என்றே ஓர் எழுத்து அட்டவணை தயாரித்தேன். முன்னும் பின்னும் உள்ள பக்கங்களில் சந்தேகமில்லாத பெயர்களாகப் பொறுக்கி, க்ரோகனிலிருந்து ஜி, ஷெரிடனிலிருந்து எஸ் என்று வெட்டி வரிசையாக ஒட்டினேன். க்ரோகன்கள் ஒருவழியாக எனக்கு உதவினார்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இவருடைய எஸ் கோட்டிலேயே வளைந்து நின்றுவிடும். ஜி-யின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கி இடப்பக்கம் சுழிக்கும். நம் ஆளின் முதல் எழுத்துக்கு வால் இருக்கிறது, கறை மேலே விழுந்திருந்தாலும் இருக்கிறது. சாமியார் எழுதியது ஜி, ஏ, ஜி, ஹெச், இ, ஜி, ஏ, என். கணக்குப் போட்டால் ஜி225. அட்டவணை போட்டவர் ஒழுங்காகப் படித்திருந்தால் நான் முதலில் திட்டிய சவுண்டெக்ஸே பிடித்துக் கொடுத்திருக்கும்!

இன்னொரு உறுதி: ஞானத்தகப்பன் ஒரு டால்டன். பெரும்பாலும் தாய்மாமனாக இருப்பார். ஞானப்பெற்றோர் பெயரைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள், அங்கேதான் பாதிக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

லத்தீன் பதிவேடுகளைக் கண்டு பயப்படுகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. பெயர்களின் கடைசி எழுத்து மாறுவது வேற்றுமை உருபு மாதிரிதான், 'யாக்கோபும்' என்றால் யாக்கோபை, 'யாக்கோபி' என்றால் யாக்கோபின். இதை இரண்டு பக்கத்தில் பழகிவிடலாம். பழகாதது மொழிபெயர்த்த முதல் பெயர்கள். யாக்கோபுஸ் ஜேம்ஸ், குலியெல்முஸ் வில்லியம், சரி. ஆனால் தாதேயுஸ் என்றிருப்பவர் வீட்டில் டிமோத்தி, யூஜேனியுஸ் என்றிருப்பவர் ஓவன். ஹொனோரா, நோரா ஆவாள். குடும்பப் பெயரை மட்டும் நல்லவேளையாகச் சாமியார்கள் லத்தீனாக்கவில்லை, காதுக்குக் கேட்டபடி விட்டுவிட்டார்கள்.

இந்த அவஸ்தை அன்றைய பதிவாளர்களுக்கும் இருந்திருக்கிறது. பதிவுத்துறை அதிகாரி ராபர்ட் மாதிசன் 1890இல் அயர்லாந்துப் பெயர்களின் மாற்று வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டார். இலவசமாகக் கிடைக்கிறது, தேடலைத் தொடங்கும் முன் உங்கள் பெயரை அதில் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து அந்தப் பிள்ளையின் உடன்பிறப்புகள். அதே பங்கில் இன்னும் இரண்டு பேர் தட்டுப்படுகிறார்கள், ஒருவருக்குக் காகன், இன்னொருவருக்கு வேறு சாமியார் எழுதிய ஏதோ ஒன்று. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்ற வழக்கம், நம் வீடுகளைப் போலவே, அங்கேயும் இருந்தது. விதி இல்லை, வழக்கம்தான். உடன்பிறப்புகள் வரிசை சரியாகக் கிடைத்தால் தாத்தா பெயரை ஊகிக்கலாம். அப்புறம் 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிஃபித் நிலமதிப்பீட்டில் அவர்களின் ஊர்த்துண்டை (அயர்லாந்தின் மிகச்சிறிய நிலப்பிரிவை) பிடிக்க வேண்டும். அதில் அரசாங்கம் வகுத்த சிவில் பங்கு வேறு, கத்தோலிக்கப் பங்கு வேறு, எல்லைகள் ஒத்துப்போகாது. அந்த வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க ஆரம்பித்து நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சம்பந்தியம்மா இதற்குள் காசில்டவுன் கேகன் என்ற கிராமத்தை வரைபடத்தில் பார்த்துவிட்டு, அது 'எங்கள் ஊர்' என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். குடும்பப் பெயர் கொண்ட ஊர் வெஸ்ட்மீத்தில் இருப்பது உண்மை. அங்கே இவர்கள் இருந்தார்களா என்பதற்கு ஒரு காகிதமும் இன்னும் இல்லை. பெற்றோரின் கல்யாணப் பதிவு கிடைக்கும்வரை கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணம் மணப்பெண்ணின் பங்கில்தான் நடந்திருக்கும், ஆகவே இப்போது டால்டன்கள் பக்கம். அவர்களும் டி, தனியாக ஒரு மேற்கோள் குறி, பிறகு ஆல்டன் என்று ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள்.