கரும்புக்கு மருந்து அடிக்க ஒரு பாஸ்போர்ட்

2023 கோடையில் நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த செய்தி பரவியதும், துபாய்க்குப் போகப் போகிறேன் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. கரும்புக்கு மருந்து அடிக்கத்தான் பாஸ்போர்ட் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் அப்பாவே நம்பவில்லை.

எங்கள் கழனி வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம். கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டால் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு உள்ளே போவது பெரும்பாடு. கரும்பின் சோகை இலை கையையும் கழுத்தையும் அறுக்கும், அடித்த மருந்து திரும்ப நம் முகத்திலேயே விழும். கூலிக்கு ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. வாடகைக்கு வந்த ட்ரோன் ஒன்று 10 லிட்டர் மருந்தை ஏற்றிக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் ஒரு ஏக்கரை முடித்ததை வரப்பில் நின்று பார்த்தோம். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒன்று வாங்குவதென்று பேசி முடித்தோம். ஓட்டுவதற்குச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வயது 18 முதல் 65க்குள் இருக்க வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் என்னைக் கைகாட்டினார்கள்.

முதல் தவறு என்னுடையது. வேலூரில் ஒரு முகவர், டெல்லியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் இருந்து 'ட்ரோன் லைசென்ஸ்' வாங்கித் தருவதாகச் சொன்னார். அச்சடித்த விதிகளைக் கத்தையாக மேசையில் போட்டுக் காட்டினார். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

காட்பாடியில் பொறியியல் படிக்கும் அக்கா மகனிடம் அந்தக் கத்தையைக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தான். "மாமா, இது 2021 மார்ச்சில் வந்த விதி. அதே ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி இதைத் தூக்கிவிட்டுப் புது ட்ரோன் விதிகளைக் கொண்டுவந்துவிட்டார்கள்" என்றான். பழைய விதியில் 25 படிவங்கள், புதியதில் ஐந்தே ஐந்து. 72 வகைக் கட்டணங்கள் நான்காகக் குறைந்துவிட்டன. இன்னொன்றையும் சொன்னான்: 2022 பிப்ரவரித் திருத்தத்தில் லைசென்ஸ் என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்களாம். அனுமதி பெற்ற பயிற்சி மையத்தில் தேறினால், அந்த மையமே அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளம் வழியாக ரிமோட் பைலட் சான்றிதழ், அதாவது ட்ரோன் ஓட்டுநர் சான்றிதழ், கொடுத்துவிடுமாம். அதாவது, நாட்டிலேயே இல்லாத லைசென்ஸுக்கு நான் முன்பணம் கட்டியிருந்தேன். பணம் திரும்பவில்லை. கேட்டுக் கேட்டு என் கைப்பேசிக் கட்டணம்தான் ஏறியது.

சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு பயிற்சி மையத்துக்குப் போன் செய்தேன். எல்லாம் சரி, ஆனால் அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். விதியில் அப்படித்தான் இருந்தது. எங்கள் தெருவில் மளிகைக்கடைக்காரர் ஒருவரைத் தவிர யாரிடமும் பாஸ்போர்ட் கிடையாது.

விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது ஒரு தலைப்பெழுத்து. அப்பா பெயரை அதில் போட்டேன். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், ஓட்டுநர் உரிமத்தில் பின்னால், வாக்காளர் அட்டையில் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை. மூன்று அட்டைகளில் மூன்று மனிதர்கள். வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு இரண்டு முறை நடந்தேன். பிறகு போலீஸ் விசாரணை. அதில் பழைய முகவரி, புது முகவரி என்று ஒரு சுற்று. ஆடிப் பட்டமும் போய்விட்டது.

அக்டோபரில் பயிற்சி மையத்தில் இருந்து அழைப்பு வந்தது. செப்டம்பர் 27ஆம் தேதி விதி மறுபடியும் திருத்தப்பட்டுவிட்டது, பாஸ்போர்ட் கட்டாயமில்லை, வாக்காளர் அட்டையோ குடும்ப அட்டையோ ஓட்டுநர் உரிமமோ போதும் என்றார்கள். பாஸ்போர்ட் இல்லாததால் கிராமத்துக்காரர்கள் இந்த வேலைக்கு வர முடியவில்லை என்பதற்காகத்தான் இந்த மாற்றமாம். மகிழ்ச்சிதான். நாலு மாதம் முன்னால் செய்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

பொங்கல் முடிந்ததும் வகுப்பில் சேர்ந்தேன். நான் எடுத்தது 'சிறிய' வகை, அதாவது 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை. எங்கள் ட்ரோன் மருந்து நிரம்பியபோதும் 25க்குள்தான் இருக்கும். சட்டமும் வானிலையும் இரண்டு நாள் பாடம். தூக்கம் வந்தாலும் கேட்க வேண்டிய பாடங்கள்தான். பிறகு கணினியில் ஒத்திகை, அதன் பிறகு மைதானம்.

இடது குச்சி ஏற இறங்கவும் திரும்பவும். வலது குச்சி முன்பின், பக்கவாட்டு. கட்டை விரலை ஒரு நெல்மணி அளவு நகர்த்தினால் போதும். முதல் நாள் நான் மண்வெட்டி பிடிப்பதுபோல் பிடித்தேன். 'எட்டு' போடச் சொன்னபோதுதான் வியர்த்தது. ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பியதும் அதன் இடது நமக்கு வலது. மூளைக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. அடுத்து, செயற்கைக்கோள் உதவியை நிறுத்திவிட்டு ஓட்டச் சொன்னார்கள். அதுவரை கட்டிப்போட்டதுபோல் நின்ற ட்ரோன், அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி காற்றோடு போனது. பயிற்றுநர் என் கையைத் தொடவில்லை. "இழுக்காதீர்கள், காற்றுக்கு எதிராகச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள்" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் நின்றது.

தேர்வில் தேறினேன். கட்டணம் 100 ரூபாய், 15 நாளில் சான்றிதழ் என்பது விதி. இணையத்தில் நான் பதிந்த பெயரும் மையம் ஏற்றிய பெயரும் பொருந்தாமல், அதே தலைப்பெழுத்தால் ஒருமுறை திரும்பி வந்தது. திருத்திய பிறகு வந்துவிட்டது.

ட்ரோனுக்குத் தனியாகப் பதிவு எண், மூன்றாம் நபர் காப்பீடு எல்லாம் விற்றவர்களே முடித்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மிஞ்சிய சந்தேகம், வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரம் விமான நிலையம் இருக்கும்போது இங்கே பறக்கவிடலாமா என்பதுதான். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையில் இருந்துதான் விதி தூரத்தை அளக்கிறது. முன் அனுமதி வாங்கிப் பறக்க வேண்டிய மஞ்சள் மண்டலம் முன்பு 45 கிலோமீட்டர் வரை இருந்தது, இப்போது 12. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். நான் பறப்பது பயிருக்கு மேல் பத்தடி உயரத்தில். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இந்த மண்டலங்களின் வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் ட்ரோனை எடுப்பதில்லை. போலீஸ் கண்காணிப்பாளர் நினைத்தால் எந்த இடத்தையும் 96 மணி நேரம் வரை சிவப்பு மண்டலமாக, அதாவது பறக்கத் தடை உள்ள இடமாக, அறிவிக்கலாம். தலைவர்கள் வரும் நாளில் போய் மாட்டிக்கொள்ள நான் தயாரில்லை.

பாஸ்போர்ட்? அது நவம்பரிலேயே அஞ்சலில் வந்துவிட்டது. சான்றிதழைப் போலவே அதற்கும் 10 ஆண்டு ஆயுள். பீரோவில் பத்திரத்தோடு இருக்கிறது, எல்லாப் பக்கமும் வெள்ளையாக. போன வாரம் அப்பா அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு கட்டியிருக்கிறாய், இலங்கைக்காவது ஒரு நடை போய்விட்டு வாடா" என்றார்.