பெங்களூர் அரண்மனையில் அத்தையுடன்

பெங்களூர் அரண்மனைக்குப் போகிறவர்கள் யானைத் தலையையும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தர்பார் ஹாலில் ஒரு பக்கமாக இருக்கும் தடுப்பை யாரும் கவனிப்பதில்லை. அந்தக் காலத்தில் சபை நடக்கும்போது அரண்மனைப் பெண்கள் அதற்குப் பின்னால்தான் உட்கார வேண்டியிருந்தது. நானும் அல்சூர் அத்தையும் அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டோம்.

மைசூர் ராஜா பத்தாம் சாமராஜ உடையாருக்காக வாங்கிய அரண்மனை இது. அவருடைய மனைவி கெம்பநஞ்சம்மணி களலே குடும்பத்துப் பெண். மைசூர் அரசர்களுக்குத் தளவாய்களாக, அதாவது படைத்தலைவர்களாக, இருந்த குடும்பம் அது. உடையார்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. 1831-லிருந்து மைசூரை ஆங்கிலேயரே நேரடியாக ஆண்டார்கள். வாரிசு இல்லாத ராஜாவுக்குத் தத்துப்பிள்ளையாக வந்த சாமராஜர் பெரியவரானதும் நாட்டைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. 1881-ல் தந்தார்கள். கல்யாணம் அதற்கு முன்பே, 1878-ல் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு 15 வயது, பெண்ணுக்கு 12. சிம்மாசனத்துக்கு அடுத்த வாரிசு வேண்டும், அவ்வளவுதான். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அந்தக் குழந்தையை யார் கேட்டிருப்பார்கள்?

1894 டிசம்பரில் கல்கத்தாவில் கணவர் இறந்தபோது கெம்பநஞ்சம்மணிக்கு 28 வயது, மூத்த மகனுக்குப் பத்து. 1902 வரை மகனுக்காக மைசூரை ஆண்டது இந்த அம்மாள்தான். பிளேக் வந்தது, மல்லேஸ்வரமும் பசவனகுடியும் உருவானது, நம் தமிழ் ஆட்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்தது எல்லாம் அவர் காலத்தில். ஆனால் நன்றாக ஆண்டார் என்பதற்காக 12 வயதில் கட்டிவைத்தது சரியாகிவிடாது. அந்தத் திறமை அவருடையது, கல்யாணம் தந்தது இல்லை.

1897-ல் அவருடைய மூத்த மகள் கல்யாணத்தின்போதுதான் மைசூரின் பழைய மர அரண்மனை எரிந்துபோனது. மாப்பிள்ளை காந்தராஜ அர்ஸ், கெம்பநஞ்சம்மணியின் தம்பி. இதைச் சொன்னதும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரையும் தாய்மாமனுக்குத்தான் கொடுத்தார்கள்.

"நிலம் வெளிய போகக்கூடாதுன்னு எங்கம்மா முடிவு பண்ணிட்டாங்க. ராஜா வீட்லயும் அதே கதைதானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க மாமா நல்லவரா அமைஞ்சாரு. அது என் அதிர்ஷ்டம். அவங்க யோசிச்சு செஞ்சது இல்ல."

நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையைப் பற்றி அத்தை இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. முற்றத்தில் நீல ஓடு பதித்த திண்ணைகளைப் பார்க்கும்போதும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஆட்டோ பிடித்து சிட்டி மார்க்கெட் பக்கம் போனோம். 1897-ல் கெம்பநஞ்சம்மணி அடிக்கல் நாட்டிய விக்டோரியா ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. அதை ஒட்டியே, அவருடைய பட்டப் பெயரில் வாணி விலாஸ் ஆஸ்பத்திரி. அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேரும் பிறந்தது அதில்தான். அது யாருடைய பெயர் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. தீப்பிடித்த இடத்தில் எழுப்பிய மைசூர் அரண்மனையையும் பார்க்க வேண்டும், டிக்கெட் போடு என்று சொல்லிவிட்டார்.