காதுப் பாடத்தைப் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்

நீட் தேர்வுக்குப் படிக்கும் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தம்பி தங்கைகளே, உட்செவிப் பாடத்தைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். எது அசைகிறது, அதன்பின் எந்த அயனி பாய்கிறது என்ற வரிசையில் படித்தால் பெயர்கள் தாமாக நினைவில் நிற்கும். நான் அப்படித்தான் படித்தேன். விலங்கியலில் இன்றும் எனக்கு மிகப் பிடித்த பாடம் இதுதான்.

செவிப்பறையையும் சிற்றெலும்புகளையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் மலையேறும்போது காது அடைக்கிறதே, அது நடுச்செவி விவகாரம். எச்சில் விழுங்கினால் யூஸ்டேஷியன் குழல் திறந்து காற்றழுத்தம் சமனாகிவிடும். அதை உட்செவியோடு சேர்த்துவிடாதீர்கள்.

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். சிற்றெலும்புகளில் கடைசியான அங்கவடி எலும்பு, உட்செவியின் வாயிலான நீள்வட்டச் சாளரத்தைத் தள்ள, உள்ளிருக்கும் திரவம் அசைந்து, காக்ளியாவின் நீளம் முழுக்க ஓடும் பேசிலார் சவ்வில் அலை ஓடுகிறது. இந்த அலையை ஆராய்ந்த உயிர் இயற்பியலாளர் பெக்கெசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. காக்ளியாவின் குழல் நுனியை நோக்கிக் குறுகுகிறது. சவ்வோ நுனியை நோக்கி அகன்று நெகிழ்கிறது. பலர் தடுமாறும் இடம் இது. விறைப்பான அடிப்பகுதியில் கீச்சொலியும் நெகிழ்ந்த நுனியில் கனத்த ஒலியும் உச்சம் பெறும். சுருளை நேர்க்கோடாக விரித்து வரைந்து, அடியில் 20,000 ஹெர்ட்ஸ், நுனியில் 20 ஹெர்ட்ஸ் என்று எழுதிப் பாருங்கள்.

அடுத்து மயிர்ச்செல், அதாவது அந்தச் சவ்வின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் செல். நரம்புத் தூண்டல் பாடத்தைப் படித்த சூட்டில் இங்கும் சோடியம் என்று குறித்துவிடுவார்கள். உண்மையில் உள்ளே பாய்வது பொட்டாசியம். செல்லின் மேல்முனை நனைந்திருக்கும் எண்டோலிம்ஃப் என்ற உட்செவித் திரவத்தில் பொட்டாசியம் மிகுதி. அத்திரவத்தின் மின்னழுத்தமும் சுமார் +80 மில்லிவோல்ட். செல்லின் உட்புறமோ எதிர்மின்னழுத்தம் கொண்டது. நுண்மயிர்கள் உயரமான வரிசைப் பக்கம் சாய்ந்ததும் வாயில்கள் திறந்து பொட்டாசியம் உள்ளே விழுகிறது. பிறகு கால்சியம் நுழைய, குளுட்டமேட் என்ற நரம்புக் கடத்தி வெளிப்பட்டு நரம்பு தூண்டப்படுகிறது. அடிப்பக்கம் பொட்டாசியம் குறைந்த திரவம் சூழ்ந்திருப்பதால், நுழைந்த பொட்டாசியம் அந்த வழியே தானாக வெளியேறுகிறது. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

உள்வரிசை மயிர்ச்செல்கள் சுமார் 3,500, வெளிவரிசை சுமார் 12,000. மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எண்ணிக்கையில் குறைந்த உள்வரிசையிலிருந்தே புறப்படுகின்றன. வெளிவரிசைச் செல்கள் பிரெஸ்டின் என்ற புரதத்தால் நீண்டும் சுருங்கியும் சவ்வின் அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கின்றன. கூற்று, காரணம் வகை வினாக்களுக்கு இந்த இரு வரிசைகளின் வேலைப் பிரிவினையையும் ஒருமுறை எழுதிப் பழகுங்கள்.